ஒரு சிவப்பு நூலைப் பிடித்துக்கொண்டு திருத்தணிக்கு

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிஷம் ஆவதற்குள் என்னைப் பற்றி மூன்று வதந்திகள் பிறந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் காரணம் என் தோளில் தொங்கிய மூங்கில் குழல். உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்றார் போர்ட்டர். யுத்தந்தான் முடிந்துவிட்டதே, அது நாயனமாகத்தான் இருக்கும் என்றார் டிக்கெட் கலெக்டர். ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்து மரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்த மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி, "வெளியூர்ல இப்பிடித்தான் காவடி எடுக்கறாங்க போலக்குது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நான் மூன்று பேருக்கும் தலையாட்டிவிட்டு நடந்தேன். கடல் தாண்டி வந்த கிறுகிறுப்பில் யாரைப் பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

குழலுக்குள் இருந்தது ஒரு சேலையின் படம். நானே வரைந்தது.

கொழும்பில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்து அடுக்குவது என் வேலை. பன்னிரண்டு வருஷமாக மடிக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் மடிப்பேன். போன மழைக்காலத்தில் கடைக் கிடங்கு ஒழுகி, சாமான்களை இடம் மாற்றியபோது ஒரு பழைய மாதிரிப் புத்தகம் அகப்பட்டது. அந்தக் காலத்தில் எந்த ஊர்த் துணி வந்தாலும் உள்ளங்கை அகலம் வெட்டி அதில் ஒட்டிவைப்பார்களாம். பூச்சி தின்றது போக மிச்சமிருந்ததில் ஒரு துண்டு என்னைப் பிடித்துக்கொண்டது. கருநீலத்தில் வெள்ளைக் கட்டம். அந்தக் கட்டங்களைக் கொஞ்சமும் மதிக்காமல் குறுக்கே ஒரே ஒரு சிவப்பு நூல். கீழே ஊதா மையில் 'அம்மையார்குப்பம், திருத்தணி பக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அன்று மத்தியானச் சாப்பாட்டை மறந்தேன். இதை நெய்தவனுக்கு என்ன துணிச்சல் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் பள்ளிக்கூடத்துக் கட்டக் காகிதத்தில் வரைந்து வரைந்து கிழித்தேன். கடைசியில் வந்தது இதுதான்: பழைய கட்டம் அப்படியே இருக்கும். சிவப்பு நூல் மட்டும் பெருகும். இடுப்பில் செருகும் முனையில் முழத்துக்கு ஒன்று. போகப் போக நெருங்கி, முந்தானையில் விரலுக்கு விரல் சிவப்பு. தூரத்தில் நடந்துவந்த ஒருத்தி கிட்டே வரும்போது ஓடிவருகிற மாதிரி.

முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடதாசியிலை எல்லாம் வடிவுதான் பிள்ளை. ஒரு சீலை நெய்விச்சுக் கொண்டு வா. என்ரை கண்ணுக்குப் பிடிச்சால் மாடியிலை யன்னலடி மேசை உனக்கு. இருந்து படம் கீறு. பிடிக்காட்டி, பழையபடி மடி" என்றார். பத்து நாள் லீவு கொடுத்தார்.

அவருடைய கண் சாதாரணக் கண் இல்லை. ஒரு சேலையை எடுத்து 'நல்லாயிருக்கு' என்றாரானால் சாயங்காலத்துக்குள் அதில் மை கொட்டும், அல்லது ஆணியில் மாட்டிக் கிழியும். அவர் வருகிற சத்தம் கேட்டால் நாங்கள் நல்ல சேலைகளைத் துண்டால் மூடிவிடுவது வழக்கம். அந்தக் கண்ணுக்குத்தான் என் சேலை பிடிக்க வேண்டும். முப்பத்துநாலு வயதில், கல்யாணம் காட்சி என்று எதற்கும் மசியாத எனக்கு, அந்த ஜன்னல் மட்டும் எப்படியாவது வேண்டியிருந்தது.

தங்கியது எஸ்தர் வீட்டில். எஸ்தர், மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறவள். எங்கள் சபைப் போதகருக்குத் தூரத்துச் சொந்தம். கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை, குழலைப் பார்த்தாள். "இன்னா இது, எனிமா குழாயா? ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சாங்களா?" என்றாள். இல்லை என்றதும் அவளுக்கு உண்மையிலேயே வருத்தம்.

சோறும் மொச்சைக் காரக்குழம்பும் போட்டாள். எங்கள் ஊரில் தேங்காய்ப் பால் விடாமல் ஒரு கறியும் அடுப்பை விட்டு இறங்காது. இங்கே மிளகாய்க்கும் நாக்குக்கும் நடுவே சமாதானம் பேச ஆளே கிடையாது. நான் கண்ணீர் வடிய வடிய மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். "அழுதுகினே துன்றியே, உனுக்கு இன்னா கஷ்டம் நேசம்?" என்று எஸ்தர் என் பேரைச் சொல்லி முதுகைத் தடவினாள்.

மறுநாள் அவளுக்கு டியூட்டி. நான் தனியாகவே பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்களுக்கெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள். கரியை எரித்து அந்த வாயுவில் ஓடுகிறது வண்டி. கொழும்பு டிராமில் பழகிய எனக்கு, அடுப்பின் மேல் உட்கார்ந்து ஊர் போவது பெரிய குதூகலமாக இருந்தது.

"அம்மையார்குப்பம் போகுமோ?" என்று கேட்டேன். "ஏறுங்கம்மா, ஏறுங்க, ஏறுங்க" என்றார் கண்டக்டர். ஏறினேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் "கனகம்மாசத்திரம்!" என்று கூவியபோது, இன்னும் எவ்வளவு தூரம் என்று விசாரித்தேன். நேர் எதிர்ப்பக்கம் வந்திருக்கிறேனாம்.

"போகும் எண்டு சொன்னியள்!"

"போவும்னு நான் எங்கம்மா சொன்னேன்? ஏறுங்கன்னுதானே சொன்னேன்" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. ரோட்டோரக் கடையில் இட்டிலியும் வேர்க்கடலைச் சட்டினியும் சாப்பிட்டேன். அந்தச் சட்டினிக்காக இன்னொரு தரம் தப்புப் பஸ்ஸில் ஏறலாம். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தாள். எங்கே போகிறேன், வீட்டுக்காரர் வரவில்லையா, ஏன் வரவில்லை, இனிமேலாவது வருவாரா என்று வரிசையாகக் கேட்டாள். பேச்சை மாற்ற, புத்தகத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்த மாதிரித் துண்டைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினேன். அவள் சிவப்பு நூலைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"எங்கம்மா வூடு அந்தப் பக்கந்தான். இத எடுத்துகினா கடல் தாண்டி வந்தே?"

"ஏன் சிரிக்கிறியள்?"

"நான் சொல்ல மாட்டேன். நீ நெசவுகாரங்களயே கேளு" என்று சொல்லி ஒரு கை கடலையை எனக்குச் சும்மா அள்ளிக் கொடுத்தாள். திரும்பும் வழியெல்லாம் கடலையைத் தின்றுகொண்டு, அந்த நூலில் ஏதோ பெரிய ரகசியம் இருக்கிறது என்று எனக்கு ஒரே புல்லரிப்பு.

மூன்றாம் நாள் எஸ்தர் லீவு போட்டுவிட்டு வந்தாள். சரியான பஸ். ஆனால் பாதி மேட்டில் அதற்கு மூச்சு நின்றுவிட்டது. ஆண்கள் தள்ளினார்கள், டிரைவர் பின்னால் போய்க் காற்றூதும் சக்கரத்தைச் சுற்றினார். நான் வேடிக்கை பார்க்க அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். வெள்ளைச் சேலையோடு இறங்கினவள் கறுப்புச் சேலையோடு ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் என் குழலைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். "இன்னா சொல்றாங்க?" என்று எஸ்தர் மாதிரியே கேட்டுப் பார்த்தேன். "இந்த அம்மா பாவம், குடைய வெச்சிகினு மழைக்குக் காத்துகினு இருக்குது. இங்க மழை பேஞ்சி ரெண்டு மாசம் ஆவுதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்னு பேசிகிறாங்க" என்றாள்.

அம்மையார்குப்பத்தில் தெருவில் காலை வைத்ததும் காதில் விழுந்தது தறிச் சத்தம்தான். வீட்டுக்கு வீடு டக், டக் என்று. எஸ்தர் பிரசவம் பார்த்த ஒரு வீட்டுக்கு நேரே கூட்டிப்போனாள். நெசவுக்காரர் ஏகாம்பரம் என்னைவிட இரண்டு வயது இளையவர். தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்திருந்தார். தறியில் ஏறியிருந்தது எது என்று நினைக்கிறீர்கள்? கருநீலம். வெள்ளைக் கட்டம். நான் நாற்பது வருஷத்துப் புத்தகத்தில் கண்டுபிடித்துக் கும்பிட்ட அதே கட்டத்தை அவர் சாவகாசமாக நெய்துகொண்டிருந்தார். எனக்குத் தறியையே கட்டிப்பிடிக்கலாம் போல் இருந்தது.

மாதிரித் துண்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். உடனே உள்பக்கம் திரும்பி, "கன்னிம்மா! ஓடியா! நம்ம திருஷ்டி கடல் தாண்டிப் போயி, பொஸ்தகத்துல குந்திகினு இருந்துட்டு, திரும்பி வந்துக்குது பாரு!" என்று கத்தினார்.

அவர் மனைவி கன்னியம்மா, நூல் சுற்றுகிற ராட்டையை விட்டுவிட்டு வந்தாள். அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள். புருஷனைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தப் பக்கத்தில் தெலுங்கு முறைப்பெயர்கள் தமிழ் வீட்டிலும் சகஜம். அவளும் துண்டைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஏகாம்பரம்தான் இரக்கப்பட்டுச் சொன்னார்.

"ஒரு குத்தமும் இல்லாம நெய்ஞ்சா கண்ணு பட்டுடும்மா. கட்டிக்கிறவங்களுக்கும் ஆவாது, நெய்ஞ்சவனுக்கும் ஆவாது. அதனால நாங்களே ஒரு குத்தம் வெச்சிடறது. சேலைக்கு ஒரு செவப்பு நூலு, உள்முந்தில. இடுப்புல சொருவிகினா யாருக்குத் தெரியப் போவுது? எங்க நைனா காலத்துலருந்து இதான் வழக்கம்."

"அப்ப, மற்றப் பக்கமெல்லாம் இந்த நூல் வராதோ?"

"ஒரே நூலுதாம்மா. கடைக்காரங்க மாதிரிக்குத் துண்டு வெட்டணும்னா முந்தானையிலயா வெட்டுவாங்க? உள்முந்தியிலதான் வெட்டுவாங்க. குத்தத்தப் பாத்து வெட்டி ஒட்டிக்கிறாங்க!"

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் எஸ்தர் ஆர்வத்தோடு குழலைத் திறந்து படத்தைத் தரையில் விரித்துவிட்டாள். ஆறு கெஜத்துக்கும் சிவப்பு நூல். முந்தானையில் விரலுக்கு விரல்.

மூன்று பேரும் குனிந்து படத்தைப் பார்த்தார்கள். பிறகு ஏகாம்பரம் குழிக்குள்ளேயே சாய்ந்து சாய்ந்து சிரித்தார். "வூடு பூராத்துக்கும் பூசணிக்கா கட்டித் தொங்கவுட்ட மாதிரிக்குதே!" கன்னியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எஸ்தரும் சிரித்தாள், துரோகி.

எனக்கு முகம் சுட்டது. குழந்தையின் கன்னத்தில் வைத்த திருஷ்டி மையைப் பார்த்து மயங்கி, குழந்தை உடம்பெல்லாம் மையைப் பூசிவிட்ட புத்திசாலி நான். இருந்தாலும் விடாமல், இதை நெய்து தருவீர்களோ என்று கேட்டேன். ஏகாம்பரம் சிரிப்பை நிறுத்தினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. இத என் தறியில நெய்ஞ்சா தெருவே சிரிக்கும். குத்தத்தயே சேலையா நெய்ஞ்சவன்னு பேரு வந்துடும்."

திரும்பும் பஸ்ஸில் மிச்ச நாட்களை விரல்விட்டு எண்ணினேன். ஊருக்குப் புறப்பட இன்னும் மூன்று நாள்தான். வெறுங்கையோடு போனால் சாகும்வரை சேலை மடிக்க வேண்டும். திருத்தணியில் இறங்கும்போது மலைமேல் கோயில் வெளிச்சம் தெரிந்தது. எஸ்தர் வீட்டுக்குப் போய் அழுதேன். இந்தத் தரம் குழம்பினால் இல்லை. ஆனால் என் துக்கத்துக்கு எப்போதும் ஆயுள் குறைவு. விடிந்ததும் புதுக் காகிதத்தில் அடக்கமான படம் ஒன்று வரைந்தேன். கட்டம், கட்டம், கட்டம். உள்முந்தியில் மட்டும் மரியாதையாக ஒரு சிவப்பு நூல். இதையாவது நெய்து வாங்கிக்கொண்டு போய் முதலாளியிடம் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

தனியாகவே போனேன். பஸ் வழியில் நிற்காதது எனக்கே ஏமாற்றமாக இருந்தது. ஏகாம்பரம் புதுப் படத்தைப் பார்த்து, "ஆங், இது சேலை!" என்றார். ஆனால் கன்னியம்மா அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இதான் எங்க கிட்டயே கெடக்குதேக்கா. தோ, அந்தப் பெட்டில நாலு மடிச்சி வெச்சிக்குது. இதுக்கா கடல் தாண்டி வந்தீங்க? அந்தப் பைத்தியக்காரப் படத்த எடுங்க."

எடுத்தேன். அவள் அதைச் சுவரில் மாட்டி, தள்ளி நின்று பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நேத்து நீங்க போனதுலருந்து இது என் கண்ணுலயே நிக்குது. உலை வெக்கறப்பக்கூட ஓடிவருது" என்றாள். அவளை அப்படியே தூக்கிச் சுற்றவேண்டும் போல் இருந்தது. அவள் என்னைவிடக் கனம் என்பதால் விட்டேன்.

"நெய்யி பாவா" என்றாள் புருஷனிடம்.

"தெரு சிரிக்கும்டி."

"நேத்தே சிரிச்சாச்சி. இன்னும் எவ்ளோ சிரிப்பாங்க?"

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "சரி, நெய்யறேன்னே வெச்சிக்கோ. திருஷ்டிக்கு இன்னா பண்ணுவே? சேலை பூரா திருஷ்டி நூலு. இன்னும் ஒண்ணு போட்டா யாருக்குத் தெரியும்? அப்போ இது குத்தமே இல்லாத சேலையாயிடும். குத்தமில்லாத சேலைய நான் தறிய வுட்டு எறக்க மாட்டேன்."

இதுதான் அவருடைய உண்மையான பயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தெரு சிரிப்பதெல்லாம் சும்மா. கன்னியம்மா ராட்டையைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"போட்டாத்தானே பாவா தெரியாது? ஒரு எடத்துல போடாம வுட்டுடு."

ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். பிறகு குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, "நூல எடு" என்றார்.

சிவப்பு நூலில் ஒரே ஒரு கழி, ஒரு கட்டுதான் இருந்தது. நூலுக்குப் பர்மிட் வாங்கும் காலம். ஆனால் சேலைக்கு ஒரு நூல் கணக்கில் அந்தக் கழி ஆயுசுக்கும் வரும். கன்னியம்மா அதைப் பெட்டியிலிருந்து எடுத்து என் மடியில் போட்டு, "எங்க பேரப்புள்ளைங்க வரைக்கும் வரவேண்டிய திருஷ்டி. அல்லாத்தயும் உங்க சேலையே துன்னப் போவுது" என்று சிரித்தாள்.

இரண்டரை நாள் அங்கேயே கிடந்தேன். நீளவாட்டு நூல் ஏற்கெனவே தறியில் இருந்ததால் குறுக்கு நூலை மாற்றினால் போதும். என் கட்டக் காகிதத்தை ஏகாம்பரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கன்னியம்மா ஒரு நீள ஈர்க்குச்சியில் என் அளவுகளை நகத்தால் கீறிக்கொண்டு, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குச்சியை நெய்த துணியின் மேல் வைத்து வைத்து, "இப்ப!" என்பாள். நீல நூல் கட்டிய தறி நாடா நிற்கும், சிவப்பு நூல் நாடா ஒரு தரம் குறுக்கே பாயும். நான் ராட்டையில் நூல் சுற்றினேன். நான் சுற்றியதைப் பிரிப்பதற்கே கன்னியம்மாவுக்குப் பாதி நேரம் போயிற்று. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் தின்று, மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். தெருக்காரர்கள் வந்து சிரித்தார்கள்தான். இரண்டாம் நாள் வந்தவர்களில் பாதிப் பேர் சிரிக்காமல் நின்று பார்த்தார்கள்.

அன்று மத்தியானம் ஏகாம்பரம் திடீரென்று, "அம்மா, கடைக்குப் போயி ஒரு கவுளி வெத்தல வாங்கியாங்களேன்" என்றார். வாங்கி வந்தேன். வெற்றிலையை அவர் தொடவே இல்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் முகத்திலும் திருட்டுச் சிரிப்பு. நெய்த துணி உருளையில் சுருண்டுவிட்டிருந்தது.

"விட்டிட்டியளோ? எந்த இடம்?"

"தேடாதீங்கம்மா. நல்ல கண்ணுக்கு அது தெரியாது. பொல்லாத கண்ணு எதுவோ, அது தானா போயி அங்க வுழும். அதுக்குத்தான வெக்கிறது."

மூன்றாம் நாள் துணியை அறுத்து மடித்துக் கையில் கொடுத்தார்கள். பைத்தியக்காரப் படத்தைக் கன்னியம்மா கேட்டாள், சுவரிலேயே விட்டுவிட்டேன். அவள் என் காலிக் குழலை முறத்தோடு சேர்த்து ஆணியில் மாட்டி, ஊதுகுழலாக வைத்துக்கொள்கிறேன் என்றாள். ஐந்து விதமாக யூகித்தவர்களில் யாருக்கும் தோன்றாத உபயோகம் அது. ஸ்டேஷனில் எஸ்தர் காரக்குழம்பை ஒரு ஜாடியில் கட்டிக் கொடுத்து, "அழுதுகினே துன்னு" என்று வழியனுப்பினாள். ரயிலில் சேலையை மடியில் வைத்து, சாண் சாணாகப் பிரித்து விடுபட்ட இடத்தைத் தேடினேன். கூட்டத்தில் ஆறு கெஜத்தை எங்கே விரிப்பது? நூல்கள் ஓடிவருவதுதான் தெரிந்தது. என் கண் நல்ல கண் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

கொழும்பில் முதலாளி சேலையைப் பலகையில் முழுக்க விரிக்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். கடையில் எல்லோரும் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். முந்தானையிலிருந்து மெதுவாக நடந்தார். சிவப்பு நூல்கள் ஒவ்வொன்றின் மேலும் அவர் விரல் போயிற்று. ஒன்றைக்கூட ஏன் என்று கேட்கவில்லை. பாதிச் சேலை தாண்டினார். நின்றார். விரலை ஊன்றினார்.

"இஞ்சை ஒரு நூல் விட்டுப்போச்சே பிள்ளை."

குனிந்து பார்த்தேன். ஆமாம், அங்கே ஒரு சிவப்பு இல்லை. வழியெல்லாம் நான் தேடியும் அகப்படாத இடம். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"மற்றதெல்லாம் ஒரு குறையும் இல்லை" என்றார். "நாளைக்கு மேலை வந்து இரு."

ஜன்னலடி மேசையில் நான் செய்த முதல் வேலை ஏகாம்பரத்துக்கும் கன்னியம்மாவுக்கும் ஒரு கார்டு எழுதியது. முதலாளியின் கண் நேராக நீங்கள் வைத்த இடத்தில்தான் விழுந்தது, சேலை இதுவரை கிழியவில்லை என்று எழுதினேன்.